அந்தரத்தில் நின்ற ஒரு பிடி சோறு

மர்கிலான் ஊரில் ஒரு வீட்டுக்குள் போய் ஒன்றும் சாப்பிடாமல் வெளியே வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரொட்டியைப் பிய்த்து முன்னால் வைத்துவிடுவார்கள். நுஸ்ரத் பிரிட்ஜ் ரிப்பேர்காரன். ஊரில் பாதி சமையலறைகள் அவனுக்கு அத்துப்படி. ஆனால் எந்த வீட்டிலும் அவன் ஒரு வாய் தேநீர்கூடக் குடித்ததில்லை. வயிறு சரியில்லை, இப்போதுதான் சாப்பிட்டேன், அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று பற்களுக்கு இடையிலிருந்தே சொல்லிவிட்டு நழுவுவான். விடாத பெண்கள் கறிச் சமோசாவைத் துணியில் கட்டிக் கையில் திணிப்பார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி, அதை முள்கரண்டியால் கூழாக மசித்து, பக்கவாட்டில் பிடுங்கிவிட்ட ஒரு பல்லின் இடைவெளி வழியாக உள்ளே தள்ளுவான். அதைப் பார்த்தவள் அவன் அம்மா ஒருத்திதான்.

அவன் வாய் திறக்காது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே திறக்காது. சின்ன வயதில் முசுக்கொட்டை மரத்திலிருந்து விழுந்தபோது முகவாய்தான் முதலில் தரையில் பட்டது. காதுக்கு முன்னால் தாடை சுழலும் இடத்தில் எலும்பு முறிந்தது. ஒட்டியபோது தாடையும் மண்டையும் ஒரே எலும்பாகிவிட்டன. ஒரு காசை நிறுத்தி நுழைக்கலாம், அவ்வளவுதான். தாடை வளராததால் முகவாயும் சிறுத்துப்போய்க் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ஊர் கண்ணில் பட்டது அந்த முகவாய்தான், பூட்டிய வாயை அம்மாவும் அவனும் மறைத்தே வைத்தார்கள்.

பையனாக இருந்தபோது ஒருமுறை அறுத்துப் பிரித்தார்கள். அறுப்பது பாதி வேலை, தினமும் மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் திணித்து வாயை விரிப்பது மீதிப் பாதி. விட்டுவிட்டால் எலும்பு திரும்பவும் கூடிவிடும். பையன் அலறினான். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "போதும்டா கண்ணு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று குச்சியை உருவிவிடுவாள். நாளைக்கு நாளைக்கு என்று வாய் மறுபடி பூட்டிக்கொண்டது. அவள் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பாசம்தான் அவன் வாயை அடைத்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

ஊரில் ஆண்களின் நட்பெல்லாம் ஒரே தட்டைச் சுற்றித்தான். ஆட்டுக்கறியும் கேரட்டும் போட்ட ஓஷ் சோற்றை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து கையால் தின்றபடி வம்பளப்பார்கள். தின்னாதவனுக்கு அங்கே இடமில்லை. நுஸ்ரத் முப்பது வயது வரை எந்தத் தட்டின் ஓரத்திலும் உட்கார்ந்ததில்லை.

அப்போதுதான் ஒரு கல்யாணத் தரகுக்காரி வந்து சேர்ந்தாள். தெருக்கோடியில் நிஷான்பாய் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், பெயர் ரிஸாலத் என்றாள். நிஷான்பாய் மையத்துக் குளிப்பாட்டுகிறவர், இறந்தவர் உடலைக் கழுவித் தாடையைக் கட்டி அனுப்புகிறவர். சாவு விழுந்தால் ஊர் அவர் வீட்டுக்குத்தான் ஓடும். மற்ற நாட்களில் அவர் கை தொட்ட ரொட்டியை யாரும் தொடமாட்டார்கள், அவர் குடித்த கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்க வேறு ஊர் மையத்துக்காரர்கள்தான் வருவார்கள். யாரும் வாங்காத இரண்டு சரக்கைச் சேர்த்து விற்றுவிடலாம் என்பது தரகுக்காரியின் கணக்கு.

"வாய் தெறக்காதுன்னு மட்டும் சொல்லித் தொலைச்சுறாதே. கல்யாணம் ஆவட்டும். போனியா, கொஞ்சம் கொறிச்சியா, தலைய ஆட்டுனியான்னு வா" என்றாள்.

ரிஸாலத்தை ஒரு தடவை பூங்காவில் பார்த்துப் பேச விட்டார்கள். அவள்தான் பேசினாள். கடைசியில், "உங்களுக்குக் கூச்சமா, இல்ல திமிரா?" என்று கேட்டாள். "கூச்சம்" என்றான் நுஸ்ரத். "அப்ப சரி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவன் ஒரு வாரம் தூங்கவில்லை.

நிஷான்பாய் வீட்டில் நிச்சயம் பேசும் விருந்து, அவர் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். நுஸ்ரத் சோற்றைக் கிளறி, பருக்கை பருக்கையாக உதட்டில் ஒற்றி ஒப்பேற்றினான். தட்டு காலியாகும் நேரம் நிஷான்பாய் கையை நீட்டினார். மிஞ்சிய சோற்றையும் நல்ல கறித்துண்டையும் விரலால் அழுத்திப் பிடித்து, மனதுக்குப் பிடித்தவன் வாயில் பெரியவர்கள் ஊட்டுவது அங்கே வழக்கம். அந்தப் பிடியை யாரும் வேண்டாம் என்பதில்லை. அவர் கை நேராக நுஸ்ரத்தின் வாய்க்கு வந்தது. சோறு பல்லில் இடித்தது. உள்ளே போக வழியில்லை. அவன் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சோறு மேஜை விரிப்பில் சிந்தியது.

நிஷான்பாய் தன் கையையே பார்த்தார். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் சீர்த்தட்டு திரும்பி வந்தது.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். தரகுக்காரி, பொய் வெளியே வந்தால் இரண்டு வீட்டுக்கும் அவமானம் என்று அம்மாவை மிரட்டினாள். அதைவிடக் கொடுமை ஊர் பேசிய பேச்சு. கடைத்தெருவில் ஆட்கள் அவன் தோளைத் தட்டினார்கள். "சரியாத்தான் செஞ்சே. பொணத்தத் தொட்ட கையால எவன் திம்பான்?" என்றார்கள். அதுவரை அவனை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. முதன்முதலாகக் கிடைத்த பாராட்டு இப்படியா கிடைக்க வேண்டும்? அவனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. ரிஸாலத்தை ஆந்திஜானில் ஒரு மையத்துக்காரர் வீட்டில் கட்டிக்கொடுக்கப் பேசி முடித்தார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு முன்பே நுஸ்ரத்தின் அம்மா போய்ச் சேர்ந்தாள். பெண் மையத்தைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். நிஷான்பாயின் மனைவியும் ரிஸாலத்தும் வந்தார்கள். திரைக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலை முடித்து, அம்மாவின் தாடையை வெள்ளைத் துணியால் கட்டி, ரிஸாலத் வெளியே வந்தபோது அவள் சட்டைக் கை நனைந்திருந்தது. நுஸ்ரத் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினான்.

"நாங்க வெளிய எங்கயும் குடிக்கறதில்ல" என்று அவள் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நுஸ்ரத்தின் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. நிஷான்பாயின் மனைவி இறந்த அன்று நுஸ்ரத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டான். வருஷங்கள் ஓடின. ஒருநாள் மசித்த உணவு மூச்சுக்குழலில் ஏறிக்கொண்டது. வாந்தி வந்தது, வெளியேற வழியில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எப்படியோ பிழைத்தான். கூப்பிட ஆள் இல்லை என்பதைவிட, கூப்பிட வாய் இல்லை என்பது அவனை உலுக்கியது. அந்த மாதமே தாஷ்கண்டுக்குப் பஸ் ஏறினான்.

டாக்டர் ஷாயிரா ஒளிவுமறைவு இல்லாத ஆள். "ரெண்டு பக்கமும் காதுக்கு முன்னாடி கீறி, ஒட்டுன எலும்ப வெட்டி எடுக்கணும். விலாவிலேருந்து ஒரு துண்டு குருத்தெலும்பு எடுத்து மூட்டு மாதிரி வெப்பேன். கண்ணை மூடுற நரம்பு அந்த வழியாத்தான் போவுது, கொஞ்ச நாள் புருவம் தூக்க முடியாமப் போகலாம். இதெல்லாம் என் பாடு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் உன் பாடு. வீட்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அழுதா இரக்கப்பட ஆள் இல்லையே, ஒரு விதத்துல நல்லதுதான்" என்றாள் அவள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று முகம் மாறியது.

அறையில் பக்கத்துக் கட்டிலில் கோகந்து ஊர்க்காரர் ஹம்தம். கல்யாண வீடுகளில் எதிராளியோடு கிண்டல் போட்டி நடத்திச் சிரிக்க வைப்பது அவர் பிழைப்பு. அவர் வியாதி நேர் எதிர். வாய் விட்டுச் சிரித்தால் தாடை கழன்று முன்னால் வந்து மாட்டிக்கொள்ளும், மூடாது. கடைசியாக ஒரு கல்யாணத்தில் அப்படி மாட்டி அவர் திக்குமுக்காட, அதுவும் வேடிக்கை என்று நினைத்துச் சபையே கைதட்டியதாம். மூட்டின் முன்னால் இருந்த எலும்பு மேட்டைச் செதுக்கி, ஒரு விரலுக்குமேல் வாயைத் திறக்கக்கூடாது என்று கட்டுப்போட்டிருந்தார்கள்.

நுஸ்ரத்துக்கு வாய் திறக்காததால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாயை இறக்கி மயக்கம் கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொள் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண் விழித்தபோது தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. ஹம்தம் எட்டிப் பார்த்து, "மையத்து எந்திரிச்சிருச்சு!" என்றார். நுஸ்ரத்துக்கு அம்மாவின் தாடையில் பார்த்த துணி ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் குச்சிகள் வந்தன, ஐஸ் குச்சி மாதிரித் தட்டையாக. டாக்டர் அவற்றை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, இன்னும் ஒன்றை நடுவில் செருகினாள். அவனுக்குக் கண் இருண்டது. அந்தப் பக்கம் ஹம்தமுக்கு மகன்கள், மருமகள்கள், பேரன்கள், பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு. இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. வந்தவர்களின் கோட்டுகளை வைக்க நுஸ்ரத்தின் கட்டில் ஓரம் வசதியாக இருந்தது.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு ஹம்தம் கேட்டார். "ஏண்டா தம்பி, உனக்குன்னு வீட்ல எதுவுமே இல்லையா? நாய், பூனை?"

"பிரிட்ஜ் இருக்கு."

ஹம்தம் இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "பாவி, சிரிக்க வெக்காதே! கழண்டுச்சுன்னா அந்தப் பொம்பள என்னை மறுபடி அறுப்பா!"

தான் ஒருவரைச் சிரிக்க வைத்ததில் நுஸ்ரத்துக்கே ஆச்சரியம். அந்தத் தெம்பில், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னான். நீட்டிய கை, சிந்திய சோறு, தோளைத் தட்டிய ஊர்.

ஹம்தம் எழுந்து வந்து அவன் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் கிண்டல் இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"அடே, எழுதிக் காட்டவாவது செஞ்சிருக்கலாமே? அந்த மனுசன் கை இன்னும் அங்கயேதாண்டா நிக்குது, அந்தரத்துல. வாய் நல்லாத் தெறந்ததும் போய் வாங்கிக்க. போனியான்னு நான் வாராவாரம் போன் பண்ணிக் கேப்பேன், விடமாட்டேன்."

கொஞ்ச நாள் கேட்டார். பிறகு அவருக்குக் கல்யாண சீசன் தொடங்கிவிட்டது. நுஸ்ரத் கூப்பிட்டால் பேரன் எடுத்து, தாத்தா மேடையில் இருக்கிறார் என்பான். அவர் மேல் குற்றமில்லை. நிறைய பேர் உள்ளவருக்கு ஒருவனை மறப்பது சுலபம்.

வீட்டில் அம்மாவின் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவன் குச்சி செருகினான். எச்சிலும் கண்ணீரும் சட்டையில் வழியும். கதறினால் சுவர் கேட்கும், அவ்வளவுதான். ஆனாலும் வாய் விரிந்தது. இரண்டு விரல், பிறகு மூன்று. ஒரு மதியம் ஆப்பிளை அப்படியே வாய்க்குக் கொண்டுபோய்க் கடித்தான். நறுக்கென்று அந்தச் சத்தம்! அவன் பல்லிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. சிரித்தபடி யாரிடமோ சொல்லத் திரும்பினான். பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. கடித்த ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் அழுதான்.

அதற்கப்புறம்தான் குச்சி செருகுவது விட்டுப்போனது. திறந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழக்கதோஷத்தில் இப்போதும் எந்த வீட்டிலும் சாப்பிடவில்லை. ஆட்களும் வேண்டாம் என்பவனைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார்கள். குளிர் வந்தது, வலி கூடியது. ஒருநாள் குச்சியைத் தொடவில்லை. யாரும் கேட்கவில்லை. மறுநாளும் தொடவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவின் குரலிலேயே தனக்குச் சொல்லிக்கொண்டான். நிஷான்பாய் வீட்டுக்கு வசந்தம் வந்ததும் போவதாக நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை ஆப்பிளைக் கடிக்கப் போனபோது அது பல்லில் வழுக்கியது. விரலை வைத்துப் பார்த்தான். மூன்று நுழைந்த இடத்தில் இரண்டுதான் நுழைந்தன, அதுவும் இறுக்கமாக. எலும்பு சத்தமில்லாமல் கூடிக்கொண்டிருந்தது. வசந்தம் வரும்போது பழையபடி ஒரு காசுதான் நுழையும். பிறகு அந்தக் கை என்றென்றைக்கும் அங்கேயே நிற்கும்.

குச்சிகளை எடுத்து முரட்டுத்தனமாகச் செருகினான். வலியில் காது அடைத்தது. மூன்றாவது விரல் நுழைந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு, மூடிக்கொள்வதற்குள் போய்விட வேண்டும் என்று, கிட்டத்தட்ட ஓடினான்.

கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு போனா?"

அந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் சாவு சொல்லத்தான் தட்டுவார்கள். நிஷான்பாய் மேல்கோட்டில் ஒரு கையை நுழைத்தபடியே திறந்தார். கிழண்டு சுருங்கியிருந்தார். வலது கை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"யாரும் போகல பெரியப்பா."

"அப்புறம் எதுக்கு வந்தே?" உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் முகம் கல்லானது. "பிரிட்ஜ் நல்லாத்தான் ஓடுது. போ."

"அன்னைக்கு நீங்க குடுத்த பிடிய வாங்கிக்க வந்தேன்."

"கேலி பண்றியா? இந்த வயசுல என்னை வந்து கேலி பண்றியா?"

"நான் முகத்தத் திருப்புனது கைக்காக இல்ல. வாய் தெறக்கல பெரியப்பா. அப்ப எனக்கு வாயே தெறக்காது. சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நானும் கோழை மாதிரி இருந்துட்டேன்."

"வாய் தெறக்காத மனுசன் எங்கடா இருக்கான்?"

நுஸ்ரத் தொப்பியைக் கழற்றிக் காதுக்கு முன்னால் இருந்த தழும்பைக் காட்டினான். கிழவர் ஆடுகிற கையை உயர்த்தி அந்த இடத்தைத் தொட்டார். எத்தனையோ தாடைகளைத் தடவிக்கொடுத்து மூடிய விரல்கள். அழுத்திப் பார்த்தார், "வாயத் தெற" என்றார், "மூடு" என்றார். மறுபக்கமும் பார்த்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை" என்றார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா? ரிஸாலத்தோட அம்மா சாகுற வரைக்கும் என் கையப் பாத்து அழுதா. அன்னைலேருந்து நான் யாருக்கும் ஊட்டுனதில்ல. பேரப்பிள்ளைங்க வந்துச்சுங்க, மடியில உக்காந்து வாயத் தெறந்துச்சுங்க. கரண்டியாலதான் குடுத்தேன்."

நுஸ்ரத்தும் பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தான். கிழவர், "நேத்து வெச்ச சோறுதான் இருக்கு" என்று சொல்லி எழுந்தார்.

ஒரு ஆளுக்குப் பொங்கிய ஓஷ். கடாயில் சூடாக்கியதும் கொழுப்பு உருகி வாசனை வந்தது. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நிஷான்பாய் சோற்றைத் திரட்டி, ஒரு கறித்துண்டை மேலே வைத்து அழுத்தினார். கை கிளம்பியது. பாதி வழியில் நடுக்கம் எடுத்துச் சோறு தட்டிலேயே கொட்டியது. மறுபடி பிடித்தார், மறுபடி கொட்டியது.

நுஸ்ரத் வாயைத் திறந்தபடி இருந்தான். தழும்புக்கு உள்ளே நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. தாடை தானாக மூடப் பார்த்தது. கண்ணில் நீர் வழிந்தது.

"வலிக்குதாடா? மூடிக்க. பரவால்ல, மூடிக்க. நான் குடுத்துட்ட மாதிரிதான்."

போதும்டா கண்ணு என்று சொன்ன அதே கனிவு. நுஸ்ரத் தலையை ஆட்டி மறுத்தான். வாயை மூடவில்லை. மூன்றாம் தடவை கை மெதுவாக, ஆடி ஆடி, பருக்கைகளைச் சிந்திக்கொண்டே மேஜையைக் கடந்து வந்தது. வந்து, பல்லைத் தாண்டி, நாக்கின் மேல் சோற்றை வைத்தது. கட்டைவிரல் ஒரு கணம் அவன் உதட்டில் நின்றது.

அவன் மென்றான். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது, சோறோ கண்ணீரோ தெரியவில்லை.

"இத்தன வருசமா வாயக் கட்டித்தான் ஆளுங்கள அனுப்பியிருக்கேன்" என்றார் நிஷான்பாய். "தெறந்துக்கிட்டு எங்கிட்ட வந்தவன் நீ ஒருத்தன்தான்." பிறகு, "குச்சியெல்லாம் இங்க கொண்டா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். எரக்கப்படமாட்டேன், கைக்கு வந்த தாடை எதையும் நான் பாதியில விட்டதில்ல" என்றார்.

துண்டு பக்கத்தில்தான் கிடந்தது. நிஷான்பாய் அதை எடுக்கவில்லை. கொழுப்பு மினுங்கும் விரல்களோடு அந்தக் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டார். பார்க்க நுஸ்ரத் ஒருவன்தான் இருந்தான்.